ஐகன்வேல்யூவ சார்ட் (sort) பண்ணா வெக்டரையும் கூடவே நகர்த்துங்க

பிசிஏ (PCA, டேட்டாவ முக்கியமான சில திசைகளா சுருக்கற முறை) பண்றவங்க கவனிங்க, ஆர் (R) மொழில இருந்து பைத்தானுக்கு மாறினவங்க இன்னும் நல்லா கவனிங்க. மேட்ரிக்ஸால பெருக்கினாலும் அதே கோட்டுலயே இருக்கற வெக்டர்தான் ஐகன்வெக்டர், அது எத்தன மடங்கு ஆகுதோ அதுதான் ஐகன்வேல்யூ. ஆர்ல ஐகன் (eigen) ஃபங்ஷன் இந்த வேல்யூவ பெருசுல இருந்து சிறுசுக்கு வரிசையா குடுத்துடும், ஆனா பைத்தானோட நம்பை (NumPy) லைப்ரரில சிமெட்ரிக் மேட்ரிக்ஸுக்கான (மூலைவிட்டத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கறது) ஐக்-ஹெச் (eigh) அப்படியே தலைகீழ், சிறுசுதான் மொதல்ல வரும், சாதா ஐக் (eig) போட்டா எந்த வரிசைக்கும் கேரண்டியே கெடையாது.

மூலைவிட்டத்துல 2, 2, மத்த ரெண்டு எடத்துலயும் 1 இருக்கற 2க்கு 2 மேட்ரிக்ஸ் எடுத்துக்கோங்க. ஆர் 3, 1னு சொல்லும், ஐக்-ஹெச் 1, 3னு சொல்லும். இங்கதான் நெறைய பேர் வேல்யூவ மட்டும் சார்ட் பண்ணிட்டு வெக்டர அப்படியே விட்டுடறாங்க, நானும் ஒரு தடவ அப்படி விட்டு ரெண்டு நாள் தப்பான காம்போனென்ட்ட வச்சே கிராஃப் போட்டுட்டு இருந்தேன், எரர் எதுவும் வராது அதான் கொடும.

அதனால நேரா சார்ட் பண்ணாதீங்க, நம்பைல ஆர்க்சார்ட் (argsort) போட்டு, சிறுசுல இருந்து பெருசுக்கு எது எந்த எடத்துல இருக்குன்னு இன்டெக்ஸ் எடுங்க, அத தலைகீழா திருப்புங்க, அதே இன்டெக்ஸ வேல்யூவுக்கும் போடுங்க வெக்டர் மேட்ரிக்ஸோட நெடுவரிசைக்கும் போடுங்க. நெடுவரிசை, மறந்துபோய் கிடைவரிசைல போட்டுடாதீங்க.

இன்னொன்னு, சிமெட்ரிக் மேட்ரிக்ஸ்ல 1, -5னு வந்தா ஆர் 1-ஐத்தான் மொதல்ல வைக்கும், மைனஸ் குறிய விட்டுட்டு அளவுப்படி வேணும்னா ஆர்ல ஆர்டர் (order) ஃபங்ஷனுக்குள்ள ஏபிஎஸ் (abs) போட்டு டிக்ரீசிங் ட்ரூ குடுங்க. சிமெட்ரிக் இல்லாததுக்கு காம்ப்ளெக்ஸ் நம்பர் வரலாம்ங்கறதால ஆர் தானாவே அளவ வச்சுதான் அடுக்கும்.

கடைசியா மேட்ரிக்ஸ மொத வெக்டரால பெருக்கிப் பாருங்க, மொத வேல்யூ தடவ அதே வெக்டர் வந்தா ஜோடி சரி.