பாரம்பரியப் பட்டியலில் இருந்து வீட்டை எடுக்க மனுப் போடும் முன்

மதுரை மாசி வீதிக்குள் பழைய வீடு வைத்திருப்பவர்கள் வாயில் இப்போதெல்லாம் ஒரே புலம்பல்: ‘நம்ம வீட்டைப் பாரம்பரியக் கட்டடம்னு எழுதிட்டாங்களாம், இனி ஒரு ஆணிகூட அடிக்க முடியாதாம்.’ யார் எழுதினார்கள், எந்தப் பட்டியலில் எழுதினார்கள் என்று கேட்டால் தெரியாது. ஆனால் அதற்குள் பங்காளிகள் ரெண்டு கட்சியாகிப் பேச்சுவார்த்தையே நின்றிருக்கும்.

முதல் வேலை, அது எந்தப் பட்டியல் என்று பார்ப்பது. மத்தியத் தொல்லியல் துறையின் பட்டியல் ஒன்று, கீழக்குயில்குடி சமணமலை மாதிரி இடங்கள் அதில் இருக்கும். மாநிலத் தொல்லியல் துறையுடையது இன்னொன்று, திருமலை நாயக்கர் மகால் அதில்தான். மாநிலப் பாரம்பரிய ஆணையத்துக்கு 2012-லேயே சட்டம் போட்டு, 2024-ல்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள், பாரம்பரியக் கட்டடங்களைக் கண்டறிவது அதன் வேலை. இதெல்லாம் போக, இன்டாக் மாதிரி பாரம்பரியம் காக்கும் தன்னார்வ அமைப்புகளும் கட்டடக் கலை மாணவர்களும் எடுத்த கணக்கெடுப்புகள் உண்டு. இந்தக் கடைசி வகைக்குத் தனியாகச் சட்ட பலம் கிடையாது. அதில் பெயர் இருக்கிறது என்பதற்காக வக்கீலுக்குக் கொட்டிக் கொடுக்காதீர்கள்.

ஆனால் ‘வெறும் லிஸ்ட்தானே’ என்று கடப்பாரையை எடுத்துவிடவும் வேண்டாம். சென்னை அண்ணா சாலையில் 1897-ல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை உரிமையாளரான எல்.ஐ.சி. இடிக்கப் போனபோது வழக்கு வந்து, 2010-ல் இடிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்குக் கைகொடுத்தது நீதிபதி பத்மநாபன் குழுவின் பட்டியல். அந்தக் குழுவைப் போட்டதே விளம்பரப் பலகை வழக்குக்காக! எங்கேயோ கிடக்கும் தாள் எப்போது யாருக்கு ஆயுதமாகும் என்று சொல்ல முடியாது.

சரி, தாளைப் பார்ப்பது எப்படி? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு மனு, முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. ‘என் வீடு பட்டியலில் உள்ளதா’ என்று மொட்டையாகக் கேட்டால் ‘ஆம்’ என்று ஒரு வரி வரும், அதை வைத்து என்ன செய்ய? டவுன் சர்வே எண்ணைப் போட்டு, வீட்டைப் பற்றிய விவரத் தாளின் நகல், படம், சேர்த்த தேதி, சேர்த்த காரணம், உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுத்ததற்கான ஆதாரம், இவ்வளவையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

எங்கள் பெரியப்பா வீட்டுக்கு அப்படித்தான் கேட்டோம். நாலு மாதம் அலைந்த பிறகு வந்த தாளில் ‘தேக்குத் தூண் ஆறு’ என்று இருந்தது. முற்றத்தில் போய் நின்று எண்ணினால் நாலுதான். படத்தில் இருந்த திண்ணை பக்கத்து வீட்டுடையது, அந்தத் திண்ணையின் ஓரத்தில் கட்டியிருந்த ஆட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். கதவு எண் பழைய எண். இந்த மாதிரிப் பிழைகள் உங்கள் கையில் இருக்கும் நல்ல சீட்டு, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் பட்டியலில் இருந்து எடுக்கச் சொல்லும் மனுவின் விசாரணையில் எடுபடும் காரணங்கள் ரொம்பக் குறைவு. தாள் தப்பு, அல்லது எதற்காகச் சேர்த்தார்களோ அது இப்போது இல்லை, அல்லது உங்களைக் கேட்காமலே சேர்த்துவிட்டார்கள். மத்தியத் தொல்லியல் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு நினைவுச் சின்னத்தை அறிவிக்கும் முன் ஆட்சேபம் சொல்ல ரெண்டு மாதம் தர வேண்டும், அதன் 35-வது பிரிவின்படி முக்கியத்துவம் போய்விட்டது என்று கருதினால் பட்டியலில் இருந்து எடுக்கலாம். 2024-ல் அப்படி 18 சின்னங்களை எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். ‘மகள் கல்யாணம், கடன் இருக்கிறது, மூணு பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கணும்’ என்பதெல்லாம் உண்மையான கஷ்டம்தான், மறுக்கவில்லை, ஆனால் அது வீட்டைப் பற்றிய காரணம் இல்லை. மனுவில் முதல் பக்கம் முழுக்க வீடு இருக்கட்டும், உங்கள் கதை கடைசிப் பத்தியில் வரட்டும்.

அப்புறம், எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். பாரம்பரிய ஆர்வலர்களிடம் இருந்து வருவதைவிட, வாசல் பக்கம் கடை வைத்திருக்கும் வாடகைக்காரரிடம் இருந்தும் மாடியில் ஒத்திக்கு இருப்பவரிடம் இருந்தும்தான் அதிகம் வரும். வீட்டை இடித்தால் அவர்கள் வெளியே போக வேண்டும், இடிக்க முடியாதென்றால் அப்படியே இருக்கலாம், அவ்வளவுதான் விஷயம். ஒத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் தேதியை எழுத்தில் கொடுத்துவிட்டால் பாதிப் பேருக்குத் திடீரென்று பாரம்பரியப் பற்று குறைந்துவிடும். பங்காளிகள் விஷயத்தில் குறுக்கு வழி கிடையாது. வாரிசுகள் எல்லோர் கையெழுத்தும் இல்லாமல் போன மனுவுக்கு எதிராக அத்தை மகன் ஒருவர் ஒரே கடிதம் எழுதினால் போதும், கோப்பு அடியில் போய்விடும்.

நீங்கள் எடுக்கக் கூடாது என்கிற கட்சியா? அப்படியானால் ‘நம் தாத்தா வாழ்ந்த வீடு’ என்று உருகுவதை விட்டுவிட்டு, தாய்ப்பத்திரத்தின் தேதி, பழைய கல்யாணப் படங்களில் பின்னால் தெரியும் பட்டாசாலைக் கூடம், கூரையில் மெட்ராஸ் ஒட்டு (மரச் சட்டங்கள் மேல் செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கிய தளம்) இருப்பதற்கான படம், இவற்றைச் சேர்த்து வைத்து, ஒரு கட்டடக் கலைஞரைக் கூப்பிட்டு வீட்டைப் பார்க்கச் சொல்லி அறிக்கை வாங்குங்கள். தியாகராசர் பொறியியல் கல்லூரியில் கட்டடக் கலைத் துறையே இருக்கிறது, அங்கே கேட்டால் யாரைப் பார்க்கலாம் என்றாவது சொல்வார்கள்.

ஒரு தந்திரம் ஊரில் நடக்கிறது, சொல்லியே ஆக வேண்டும். பட்டியலில் இருந்து எடுக்க முடியாதென்றால் வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு, ஓடு சரிந்து, சுவர் வீங்கி, ‘ஆபத்தான கட்டடம்’ என்று மாநகராட்சி நோட்டீஸ் வரும்வரை காத்திருப்பது. மழைக்காலத்தில் பழைய சுவர் தெருவில் போகிறவர் மேல் விழுந்தால் அப்புறம் பட்டியலைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், நீங்கள் ஸ்டேஷனில் நிற்பீர்கள். தெரியாமல் கெடுக்கிறவர்களும் உண்டு. சுண்ணாம்புக் காரைச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று சிமென்ட் பூசிவிடுவார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அடைபட்டு, ரெண்டு மழை போனதும் பூச்சு தட்டுத் தட்டாகப் பெயர்ந்து, உள்ளே செங்கல் விரலால் சுரண்டினாலே பொடியாக உதிரும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான்.

இத்தனைக்கும் மேலே, எடுத்துவிட்டால் என்ன கிடைக்கும் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் அண்ணன்மார் அஞ்சு மாடி லாட்ஜுக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்பது உங்கள் வீடு எந்தப் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும். இறுக்கிக் கட்டினால் தரைத்தளத்தையும் சேர்த்து மொத்தம் மூணு தளம். ‘அவன் கட்டியிருக்கானே’ என்று எதிர்வீட்டைக் காட்டாதீர்கள், அப்படிக் கட்டியவர்கள் மேல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு வந்த கதையும் உண்டு. ஆகவே வரைபடம் போடுகிறவரிடம் முதலில் 9 மீட்டருக்குள் வரைந்து காட்டச் சொல்லி, அதில் வரும் வாடகையையும், பழைய வீட்டைச் சரிபண்ணி முன்பக்கம் கடையாக விட்டால் வரும் வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

அண்ணன்மாருக்கு அந்த வாடகைக் கணக்கைப் பார்த்ததும் சத்தம் குறைந்தது. வீட்டையே எடுக்கச் சொல்லும் மனுவை நிறுத்திவிட்டு, முன்கட்டையும் முற்றத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, பின்கட்டை மட்டும் இடித்துக் கட்ட அனுமதி கேட்டோம். கூடவே விவரத் தாளைத் திருத்தச் சொல்லித் தனி மனு. அனுமதி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. திருத்திய தாள் போன மாதம் வந்தது, தூண் நாலு என்று சரியாகப் போட்டிருக்கிறார்கள். கதவு எண் மறுபடியும் தப்பு.