கதையை நடுவில் நிறுத்துங்கள்: சின்னப் பிள்ளைகளுக்கு விடாமுயற்சியும் தொண்டும் பழக்கும் முறை

நாலு வயது முதல் ஏழு வயது வரையான பிள்ளைகளை வைத்திருக்கும் அம்மாமாருக்கும், முன்பள்ளிக்குப் புதிதாக வந்த ரீச்சர்மாருக்கும் இது. கதை சொல்ல வராது என்று நினைப்பவர்களும் செய்யலாம். விடாமுயற்சி, தொண்டு என்ற சொற்களை மட்டும் வாயில் எடுக்காதீர்கள். ‘ஆகவே பிள்ளைகளே’ என்று தொடங்கினால் பிள்ளையின் கவனம் வாசலுக்குப் போய்விடும்.

படி 1: பிள்ளை கண்ணால் கண்டதை எடுங்கள்

விடாமுயற்சிக்கு எங்கள் பக்கத்தில் தூக்கணாங்குருவியை விட நல்ல கதை கிடையாது. வயல்கரைப் பனையில் கூடு தொங்குவதைப் பிள்ளை கண்டிருக்கும். கூடு கட்டுவது ஆண்குருவி. புல்லிலும் நெல்லின் இலையிலும் நீளமாக நார் கிழித்து வந்து அலகால் முடிச்சுப் போட்டுப் பின்னும். பாதி ஆனதும் பெண்குருவி வந்து பார்க்கும். பிடித்தால் ஆண் மீதியையும் பின்னி, கீழே நீண்ட வாசற்குழாய் வைக்கும். பிடிக்காவிட்டால் பெண் பறந்துவிடும். ஆண் வேறொரு கூட்டைத் தொடங்கும். பனையில் அரைகுறையாகத் தொங்கும் கூடுகள் பல அப்படி விடப்பட்டவைதான். நாம் சோடிக்க ஒன்றுமே இல்லை.

தொண்டுக்கு முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கதை. நந்திக்கடற்கரையில் மாடு மேய்த்த பொடியன்கள் தனியே இருந்த கிழவி ஒருத்தியைக் கண்டார்கள். பசிக்கிறது என்றாள், பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல்நீரை ஊற்றி ஏற்றச் சொன்னாள், எரிந்தது. அவள்தான் கண்ணகி என்பது ஊர்க்கதை; இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில்தான் விளக்கேற்றுகிறார்கள். பெரியவர்கள் விளக்கு எரிந்ததையே பெரிதாகச் சொல்வோம். பிள்ளைக்கு ஆற அமரச் சொல்லவேண்டியது அதற்கு முந்திய இடம். விறகு யார் பொறுக்கினார்கள், அரிசி யார் கொண்டுவந்தார்கள், பானை எங்கே கிடைத்தது என்று கேளுங்கள், போட்டி போட்டு நிரப்புவார்கள். நந்திக்கடல் என்றால் நமக்கு 2009 இன் கடைசிப் போர்தான் நினைவுக்கு வரும். இந்த வயதுப் பிள்ளைக்கு அது முதலில் மாடு மேய்ந்த கரையாக இருக்கட்டும்.

அணில் பாலம் கட்டிய கதையும் உண்டு. ஆனால் அதில் கடைசியில் இராமர் தடவிக்கொடுத்து முதுகில் மூன்று கோடு பரிசாகக் கிடைக்கிறது. அதனால் எனக்கு அது இரண்டாம் பட்சம்தான்.

படி 2: நிறுத்தும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

பெண்குருவி பறந்துபோன இடத்தில் நிறுத்தி, ‘இனி அது என்ன செய்யும்?’ என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். ‘அழும்’ என்று ஒரு பிள்ளை சொல்லும். ‘பொம்பிளைக் குருவிக்கு அடிக்கும்’ என்று இன்னொன்று. எதையும் பிழை என்று சொல்லவேண்டாம். ‘சரி, அழுது முடிஞ்சாப் பிறகு?’ என்று மட்டும் கேளுங்கள்.

படி 3: கையில் ஓலை கொடுங்கள்

இளம் தென்னோலையில் ஈர்க்கை நீக்கிவிட்டு, பாய் பின்னுவது போல ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழும் விடச் சொல்லுங்கள். கழன்றுவிடும். கட்டாயம் கழன்றுவிடும். வாங்கிப் பின்னிக் கொடுக்காதீர்கள். இந்த இடத்தில் பெரியவர்களுக்குத்தான் கை துறுதுறுக்கும். பிள்ளைக்கு அலுத்தால் ஓலையை நனைத்த சாக்கில் சுற்றி வைத்துவிட்டு நாளைக்குத் தொடரலாம். ‘கெட்டிக்காரி’ என்று பொதுவாகப் புகழ்வதை விட, ‘முதல்ல கழண்டது, இப்ப மூண்டு வரிசை நிக்குது’ என்று கண்டதைச் சொல்வது நல்லது.

படி 4: பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள்

‘வாசிகசாலை முற்றம் கூட்டப் போறன், ஆர் வாறீங்கள்?’ இவ்வளவு போதும். வராத பிள்ளையை விட்டுவிடுங்கள், முகம் சுளிக்கவும் வேண்டாம். கால் மணித்தியாலத்துக்குள் முடியும் வேலையாக இருக்கட்டும்: கோழிக்குத் தண்ணீர் வைப்பது, பக்கத்து வீட்டு அம்மம்மாவுக்கு முருங்கையிலை உருவிக் கொடுப்பது. பெரியவர்களின் சிரமதானத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பதைத் தொண்டு என்று நான் சொல்லமாட்டேன். குளக்கட்டுக்குத் தனியே அனுப்பவேண்டாம். பற்றைக் காணிக்குள் இறங்கக்கூடாது, தெரியாத இரும்புத் துண்டைத் தொடக்கூடாது என்று முதலே சொல்லிவைக்க வேண்டிய, போர் கண்ட ஊர் நம்முடையது.

படி 5: பனங்கொட்டை

மாரி தொடங்கும்போது பனங்கொட்டைகளைப் பொறுக்கி வேலியோரம் புதைக்கச் சொல்லுங்கள். சில மாதத்துக்கு மேலே ஒன்றும் தெரியாது. ‘செத்துப்போச்சு’ என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். மறுக்காதீர்கள். தை கழிந்ததும் ஒன்றைக் கிண்டிக் காட்டுங்கள், கிழங்கு இறங்கியிருக்கும். அதை அவித்து எல்லாருக்கும் முறித்துக் கொடுங்கள். மற்றவற்றை அப்படியே விடலாம். பனை காய்க்க 15, 20 வருடம் பிடிக்கும் என்பதைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

புதுக்கதைக்கு அவசரம் இல்லை. குருவிக் கதையையே திரும்பத் திரும்பக் கேட்டால் அதையே சொல்லுங்கள், நிறுத்தும் இடத்தை மட்டும் மாற்றி.