வைன் சுவைக்கக் கூட்டாகப் போகிறீர்களா?

கொழும்பு ஹோட்டல்களில் நடக்கும் பெரிய வைன் சுவைப்பு நிகழ்வுக்கு நண்பர்களோடு போவதென்றால் முதலில் துப்பப் பழகுங்கள். ஒவ்வொன்றிலும் 30 மில்லி லீட்டர்தானே என்று விழுங்கினால், 25 வகை முடியும்போது ஒரு முழுப் போத்தல் உள்ளே போயிருக்கும். மேசையில் இருக்கும் வாளி அதற்குத்தான், வெட்கம் வேண்டாம்.

ஸ்பார்க்ளிங் (நுரைக்கும் வைன்), வெள்ளை, சிவப்பு, கடைசியாக இனிப்பு வைன் என்று போங்கள். கூட்டம் அதிகமென்றால் ஆளுக்கொரு மேசையாகப் பிரிந்து, நல்லது எங்கே என்று வட்ஸ்அப்பில் சொல்லிக்கொள்ளலாம். நம் வெக்கைக்குச் சிவப்பு வைனும் சூடேறிவிடும். கொஞ்சநேரம் ஐஸில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். சென்ட் பூசாதீர்கள், பக்கத்தில் நிற்பவருக்கும் வைனின் வாசனை பிடிபடாது. வெறும் வயிறும் கூடாது. ஆனால் கொத்து ரொட்டியைப் பிறகு பார்க்கலாம், அந்த உறைப்புக்குப் பின் நாக்கில் எதுவும் ஏறாது. அப்புறம், திரும்பிவர த்ரீவீலர்தான்.