புரட்டிப் படுக்க வைப்பது எப்படி: முதியோர் இல்லத்தில் வேலைக்கு வருகிறவர்களுக்கு

கோவையில் ஒரு முதியோர் இல்லத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக வரும் பெண்கள் பிரஷர், சுகர் பார்ப்பதைச் சீக்கிரமே பழகிக்கொள்கிறார்கள். நான் முதலில் சொல்லித் தருவது புரட்டிப் படுக்க வைப்பதைத்தான். படுக்கைப்புண் வந்துவிட்டால் ஆற்றுவது பெரும்பாடு.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். ஏர் பெட் போட்டிருந்தாலும் இதை விடக் கூடாது. தொடும் முன்பு, "அம்மா, இடது பக்கம் திருப்பப் போறேன், சரியா?" என்று சொல்லுங்கள். நினைவு தப்பியவரிடமும் சொல்லுங்கள். திடீரென்று கை வைத்தால் பயத்தில் உடம்பை விறைத்துக்கொள்வார்கள். கையைப் பிடித்து இழுக்காமல், தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து உருட்டுங்கள். தலைமாட்டுப் பக்கம் நகர்த்த வேண்டுமானால் விரிப்போடு சேர்த்து இரண்டு பேர் தூக்க வேண்டும். தரதரவென்று இழுத்தால் வயதானவர்களின் தோல் உரிந்துவிடும். முதுகுக்கு ஒரு தலையணை, முட்டிகளுக்கு நடுவில் ஒன்று.

அப்புறம் வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்தியும் அந்தச் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியிருக்கும் இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள். டயப்பர் நனைந்தால் அப்போதே மாற்றுங்கள். ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் புண்ணாகும்.

சாப்பாடு ஊட்டும்போது நிமிர்த்தி உட்கார வையுங்கள். ஒரு வாய் இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். சாப்பிட்டு அரை மணி நேரமாவது சாய்க்க வேண்டாம், புரையேறும். குளிக்க வைக்கும்போது வெந்நீரை உங்கள் முழங்கையில் ஊற்றிப் பாருங்கள். சுகர் உள்ள பலருக்குக் காலில் சூடே தெரியாது.

புரட்டியதும் நேரத்தையும் பக்கத்தையும் நோட்டில் எழுதுங்கள். புரட்டாமலே எழுதி வைப்பதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அடுத்த ஷிப்டில் வருகிறவள் அதை நம்பித்தானே வேலை பார்க்கிறாள்?

வேலைக்குச் சேரும்போது சம்பளத்தைக் கேட்கிற கையோடு, இரவில் எத்தனை பேர் இருப்பார்கள் என்றும் கேளுங்கள். ஒரு தளம் முழுக்க ஒரே ஆள் என்றால், இரண்டு மணி நேரக் கணக்கெல்லாம் அங்கே நடக்காது.