ஆயிரம் வருசத்துக்கு முந்தின மலைச் சனத்தை தேடுறது எப்படி?

கேம்பஸ்ல ஆய்வுக்கு இலங்கை மலையக வரலாறு எடுக்கிற தம்பி தங்கச்சிமாரு முக்கால்வாசி பேரு 1820கள்ல, கோப்பித் தோட்டத்துல இருந்துதான் தொடங்குறாங்க. அது நம்ம கதை, கட்டாயம் எழுதணும். ஆனா இதே மலையில ஆயிரம் வருசத்துக்கு முந்தி யாரு இருந்தா, எப்படி பொழைச்சாங்கன்னு தேட ஆசைப்படுறவங்களுக்கு இது.

மொதல்ல ஒண்ணை மனசுல வைங்க, அந்தக் காலத்து எழுத்து பெரும்பாலும் கீழ்நாட்டு ராஜாமாரும் பிக்குமாரும் எழுதினது. பிக்குமாரு பாளியில எழுதின ராஜவம்ச வரலாறான சூளவம்சத்துல மலைநாடு வர்ற இடங்களைப் பாருங்க, தோத்தவங்க ஓடி ஒளியிறது, கலகம் கிளம்புறது, இப்படித்தான் அதிகமா வரும். அதை மட்டும் நம்பினா காடுதான் தெரியும், ஆளு தெரியாது.

அதனால கல்வெட்டுக்குப் போங்க. ராஜா புகழை சீக்கிரம் தாண்டிட்டு, எதைச் செய்யக்கூடாதுன்னு சொல்லுதுன்னு பாருங்க, ஏன்னா தடை போட்டிருக்காங்கன்னா அது நடந்திருக்கணும். பதுளை தூண் கல்வெட்டு இதுக்கு அருமையான உதாரணம். 10ஆம் நூற்றாண்டு, நாலாம் உதய ராஜா காலம், மலை இறங்குற மஹியங்கனைப் பக்கத்துல கிடைச்சது. ராஜா மஹியங்கனைக்கு வந்தப்போ ஹோபிட்டிகம சந்தை வியாபாரிகளும் ஊராக்களும் அதிகாரிமாரு பண்ற அநியாயத்தை முறையிட்டிருக்காங்க, அதுக்குப் போட்ட சட்டம்தான் அந்தக் கல்லு முழுக்க. சாதாரண சனத்தோட கோபம் கல்லுல ஏறியிருக்குங்க!

அடுத்து நாவலப்பிட்டிப் பக்கம் அம்பகமுவ கல்வெட்டு, முதலாம் விஜயபாகு ராஜாவோடது. சிவனொளிபாதமலைக்குப் போற யாத்திரிகர்களுக்கு சாப்பாடு போட செஞ்ச தானத்தைச் சொல்லுது, தாழ்ந்த சாதின்னு ஒதுக்கினவங்க நின்னு கும்பிட கீழ தனியா ஒரு தளம் கட்டினதையும் சொல்லுது. அப்போ அவங்களும் மலை ஏறியிருக்காங்க. அந்த சாப்பாட்டுக்கான அரிசியை யாரு மேல சுமந்தான்னும் கேளுங்க.

இந்தக் கல்வெட்டுகளோட வாசகமும் மொழிபெயர்ப்பும், இலங்கைக் கல்வெட்டுகளைத் தொகுத்த எபிகிராஃபியா செய்லானிக்கா தொகுதிகள்ல இருக்கு. பழைய சிங்களம் தெரிஞ்ச ஒரு ஆளைக் கூட வச்சுக்கிட்டு வாசிங்க, மொழிபெயர்ப்பை மட்டும் நம்பாதீங்க. கல்லைப் பார்க்கப் போனா சாக்பீஸ், மாவு எதுவும் தடவவே கூடாது, காலையில இல்லாட்டி பின்னேரம் சாய்ஞ்ச வெயில்ல போட்டோ எடுத்தா எழுத்து தானா எழும்பி நிக்கும்.

இன்னொண்ணு, கண்டிப் பக்கம் லங்காதிலக விகாரையில 1344 காலத்து கல்வெட்டு தமிழ்லயும் இருக்கு. பார்த்தா நெஞ்சு நிறையும், ஆனா அதையும் தோட்டத்துக்கு வந்த நம்ம பாட்டன் பூட்டனையும் நேரா முடிச்சுப் போடாதீங்க, நடுவுல பல நூறு வருசம் இருக்கு. நம்ம உரிமைக்கு அந்தக் கல்லு சாட்சி சொல்லத் தேவையில்ல.

எல்லாம் சேர்ந்ததும் ஊர்களை ஒரு மேப்புல குறிங்க, ஆறு, கணவாய், பழைய நடைபாதை எல்லாம் போடுங்க, உப்பு எந்த வழியா மேல ஏறியிருக்கும்னு யோசிங்க. அங்க இருந்து உங்க கேள்வி தொடங்கும்.