ஆர்த்தோவில் பெண் பிஜி: சீனியர்கள் தவிர்க்க வேண்டியவை

கன்னியாகுமரி மாவட்டத்தில் எலும்பு முறிந்தால் இன்றும் பல வீடுகளில் முதல் பேச்சு வர்ம ஆசானைப் பற்றித்தான். எலும்பு கட்டுகிறவர் ஆணாகத்தான் இருப்பார் என்பது ஊரில் ஊறிப்போன நினைப்பு. ஆசானின் எண்ணெய்க் கட்டோடு சில வாரம் கிடந்துவிட்டு ஆர்த்தோ (எலும்பு சிகிச்சை) ஓபிக்கு வரும் பெரியவர், எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் பிஜியிடமே (மேற்படிப்பு படிக்கும் டாக்டரிடமே), "மக்களே, டாக்டர் எப்போ வருவாரு?" என்று கேட்பார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்து நாற்காலியில் இருக்கும் சீனியர் சிரித்துவிட்டுப் பேசாமல் இருப்பதுதான் தவறு. "இவங்கதான் உங்க டாக்டர், ஆபரேஷனும் இவங்கதான் பண்ணுவாங்க" என்று அங்கேயே அப்போதே சொல்லிவிட வேண்டும். அந்த விளக்கத்தை அவள் வாயாலேயே சொல்ல வைக்கக்கூடாது.

நான் மயக்கவியல். தியேட்டரில் என் இடம் நோயாளியின் தலைமாடு. யார் கையில் ட்ரில் இருக்கிறது, யார் கையில் சதையை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டர் இருக்கிறது என்பது அங்கிருந்து நன்றாகத் தெரியும். பெண்களை வளரவிடாமல் செய்வது பெரும்பாலும் கடுமை அல்ல, பாசம்தான். "ராத்திரி கேஸ் உனக்கு எதுக்கும்மா, நீ போய் ரெஸ்ட் எடு" என்பார்கள். ஆனால் களியக்காவிளை ரோட்டில் பைக் மோதித் தொடை எலும்பு உடைந்து வருகிறவர்கள் ராத்திரியில்தானே அதிகம்! அந்தக் கேஸ்களெல்லாம் கூடப் படிக்கும் பையன்களுக்குப் போய்விடும். மூன்றாம் வருடம், செய்த கேஸ்களை எழுதிவைக்கும் லாக்புக்கைத் திறந்தால் அவளுடைய பக்கங்களில் 'உதவி', 'உதவி' என்றே இருக்கும்.

இதற்கு மருந்து எளிது. கேஸை யார் செய்வது என்பதை மேசை அருகே நின்று முடிவு செய்யாமல், முந்தின நாள் லிஸ்ட்டிலேயே பெயர் போட்டு எழுத வேண்டும். அப்புறம் சில மாதங்களுக்கு ஒருமுறை லாக்புக்கை வாங்கி, தன் கையால் செய்தது எத்தனை என்று மட்டும் எண்ணிப் பார்த்தால் போதும்.

பலம் பற்றிய பேச்சு இன்னொன்று. இடுப்பு மூட்டு நழுவி ஒருவர் வந்தால், "இழுக்க ஒரு ஆம்பளை வரட்டும்" என்று காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆறு மணி நேரத்துக்குள் மூட்டை உள்ளே தள்ளாவிட்டால் தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்றுபோகும் ஆபத்து கூடும். இந்த லட்சணத்தில் ஆம்பளையைத் தேடுவதாம்! தசை தளர நான் சரியாக மருந்து கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு, ஒரு பாதத்தை மேசை மேல் ஊன்றி, தன் முழங்காலை நோயாளியின் மடக்கிய முழங்காலுக்கு அடியில் கொடுத்து, அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தன் குதிகாலை உயர்த்த வேண்டும். நெம்புகோல் வேலைதான். ஒல்லியான பெண்ணும் செய்யலாம், செய்வதைப் பார்த்தும் இருக்கிறேன். மேசையைத் தாழ்த்துவது, ஏறி நிற்க ஒரு ஸ்டூல் போடுவது எல்லாம் சலுகை அல்ல. குட்டையான ஆணுக்கும் அதைத்தானே செய்கிறோம்?

தியேட்டரில் எக்ஸ்ரே எடுக்கும்போது கதிர்வீச்சைத் தடுக்கப் போடும் ஈய ஏப்ரன் விஷயத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. தியேட்டரில் தொங்குவதெல்லாம் பெரிய ஆள் அளவு. பெண் போட்டால் அக்குள் பக்கம் திறந்து கிடக்கும். மார்பகப் புற்றுநோய் அதிகம் தோன்றுவதும் அந்த மேல்வெளிப் பகுதியில்தான். அமெரிக்கப் பெண் ஆர்த்தோ மருத்துவர்களிடம் இந்த நோய் மற்றப் பெண்களைவிடக் கூடுதல் என்று ஆய்வுகள் வந்திருக்கின்றன. கதிர்வீச்சுதான் காரணம் என்று உறுதியாகவில்லை. உறுதியாகும்வரை காத்திருப்பானேன்? அக்குளை மூடும் சிறிய அளவு ஏப்ரன் ஒன்று வாங்கி வைக்கலாம். சி-ஆர்ம் என்ற தியேட்டர் எக்ஸ்ரே கருவியில் பக்கவாட்டுப் படம் எடுக்கும்போது எக்ஸ்ரே குழாய் இருக்கும் பக்கம் நிற்காதே என்று முதல் வாரமே சொல்லிக் கொடுக்கலாம்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் அவளைக் கேட்காமலே லிஸ்ட்டிலிருந்து பெயரை அடிப்பது மரியாதைக் குறைவு. இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், கர்ப்பம் உறுதியான பிறகு கருவுக்கான வரம்பை மீதிக் காலம் முழுமைக்கும் 1 மில்லிசீவர்ட் என்று வைத்திருக்கிறது. உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜின் அளவைக் காட்டி, எந்தக் கேஸ் வேண்டும், எது வேண்டாம் என்று அவளிடமே கேளுங்கள்.

"எங்க டிபார்ட்மென்ட்ல சீனியர் லேடி யாரும் இல்லையே, யார் வழிகாட்டுவா?" என்று கை விரிப்பவர்கள் ஆந்திர எல்லைப் பக்கம் வேலூரைப் பார்க்கலாம். கொச்சியில் பிறந்த மேரி வர்கீஸ், அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) பயிற்சியில் இருந்தபோது 1954இல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு நடக்க முடியாமல் போனார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யலாம் என்று அவரை மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவந்தவர் பால் பிராண்ட் என்ற ஆண் மருத்துவர். பின்னாளில் அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையை நடத்தியவர் மேரி வர்கீஸ்தான்.

பெண்ணைத் திட்டத் தயங்குவதும் கெடுதல். பையனிடம் "ஸ்க்ரூ நீளமாப் போச்சு, கழட்டி மாத்து" என்பவர், அவளிடம் "பரவாயில்லம்மா" என்று தானே மாற்றிவிடுவார். அவள் எப்போது கற்பது?

பாதுகாப்பு விஷயத்தில் பயம் நியாயமானது. 2023 மே 10இல் கேரளத்தின் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன் வந்தனா தாஸ் குத்திக் கொல்லப்பட்டதை எல்லைக்கு இந்தப் பக்கமும் யாரும் மறக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லி நைட் டியூட்டியைப் பிடுங்கினால் மறுபடி அதே லாக்புக் கதைதான். உள்தாழ்ப்பாள் உள்ள டியூட்டி ரூம், அதை ஒட்டி ஒரு கழிப்பறை, காஷுவாலிட்டியில் காவலர், வழியில் விளக்கு: இவற்றைக் கேட்டு வாங்குவது துறைத் தலைவரான ஹெச்ஓடியின் வேலை. மனு எழுதிக்கொண்டு சூப்பரிண்டென்டென்ட் அறை வாசலில் பிஜி நிற்க வேண்டியதில்லை.