ஊரை ஒட்டி சோலார் பூங்கா வருகிறதா? வேலி போடும் முன் செய்ய வேண்டியவை

கமுதி அருகே சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சோலார் நிலையம் 2016இல் ஓடத் தொடங்கியது. தென் மாவட்டங்களில் கரிசல் காட்டுக்கு விலை பேச ஆள் வருவது இன்று புதிய செய்தி இல்லை. இன்றைய கணக்கில் ஒரு மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர் வேண்டும். 100 மெகாவாட் என்று காதில் விழுந்தால் 400, 500 ஏக்கர் பேசப்படுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பல ஊர்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும், அங்கே பேசிக்கொள்ளலாம் என்று காத்திருக்கின்றன. அந்தக் கூட்டம் வராது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் சோலார் பேனல் மின்நிலையங்கள் வரவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016இல் இவற்றை வெள்ளைப் பட்டியலில் சேர்த்தது. அதனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் கொடுத்தாலே போதும், இசைவாணை தேவையில்லை. ஊரின் பிடி நிலப் பதிவேடு, ஓடை, பாதை, மின்கம்பி ஆகிய நான்கில்தான் இருக்கிறது. கோஷத்தை விட புலப்படத்துக்கு (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) அதிகாரிகள் மதிப்புக் கொடுப்பார்கள்.

நிலத்தைப் படியுங்கள்

புரோக்கர் சுற்றுகிறார் என்று தெரிந்த வாரமே வேலையைத் தொடங்குங்கள். விலைபோன, விலை பேசப்படும் சர்வே எண்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் 'அ' பதிவேடு, பட்டா, புலப்படம் மூன்றையும் எடுங்கள். பதிவுத்துறை தளத்தில் வில்லங்கம் பாருங்கள். 30 வருடத்துக்குப் போட்டால் யாரிடமிருந்து யாருக்கு, எந்தப் பவரின் மேல் கைமாறியது என்பது தெரியும். கூட்டுப்பட்டாவில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்ட கிரயம், இறந்தவர் பெயரில் இருக்கும் பவர் போன்ற ஓட்டைகள் இங்கேதான் கண்ணில் படும்.

பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, 'அ' பதிவேட்டில் மேய்ச்சல் தரை, வண்டிப்பாதை, ஓடை, ஊருணி, மயானம் என்று புறம்போக்காகக் குறித்த எண்கள் திட்டப் பகுதிக்குள் மாட்டிக்கொள்கின்றனவா என்பது. இரண்டாவது, பஞ்சமி நிலம். பட்டியல் சாதியினருக்கு அரசு நிபந்தனையோடு கொடுத்த அந்த நிலத்தை மற்றவர் வாங்கினால் கிரயம் நிற்காது. நிபந்தனைக் குறிப்பு இன்றைய கணினிப் பட்டாவில் இருக்காது. பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது, நில உச்சவரம்பு. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து பேர் வரை உள்ள குடும்பத்துக்கு 15 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) தான் வரம்பு. ஒரு நிறுவனம் வரம்புக்கு மேல் வைத்திருக்க 37-அ பிரிவின் கீழ் அரசின் அனுமதி வேண்டும். மானாவாரியில் ஒரு தர ஏக்கர் சாதாரண ஏக்கரை விடப் பெரியது, கணக்குப் போடும்போது அதை மறக்காதீர்கள். ஒரே இடத்தில் நான்கைந்து கம்பெனிப் பெயர்களில் கிரயம் நடந்திருந்தால், அந்தப் பெயர்களையும் பத்திர எண்களையும் ஒரே அட்டவணையில் போட்டு மனுவோடு இணையுங்கள்.

ஓடையும் பாதையும்

வீடுகளுக்குப் பெரிய சேதம் பேனலால் வருவதில்லை, நிலத்தைச் சமப்படுத்துவதால்தான் வருகிறது. ஜே.சி.பி. வந்து வரப்பையும் பள்ளத்தையும் நிரவிவிட்டால், முன்பு வயல் வயலாகத் தங்கி மெல்ல இறங்கிய மழைநீர் மொத்தமாக ஒரே பக்கம் ஓடும். ஒன்று கண்மாய்க்கு வரத்து நின்றுபோகும், இல்லையென்றால் தெருவுக்குள் தண்ணீர் வரும். சில ஊர்களில் இரண்டும் நடக்கும்.

புறம்போக்கு ஓடைக்குத் தனி எண் இருப்பதால் அது தப்பிக்க வழியுண்டு. பட்டா நிலத்துக்குள் ஓடும் சின்ன வரத்துக்கால்களுக்குத் தனி எண் இருக்காது, முதலில் காணாமல் போவது அவைதான். ஆகவே ஜே.சி.பி. வரும் முன்பே சாட்சியம் சேருங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் கண்மாயிலிருந்து மேல்நோக்கி நடந்து, தண்ணீர் வரும் ஒவ்வொரு கிளையையும் இடமும் தேதியும் பதியும் செல்போன் கேமராவில் எடுங்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் படங்களைப் பார்க்கலாம். மழைக்காலப் படத்தில் ஓடைத்தடம் பச்சையாகத் தெரியும். இவற்றைக் கிராம வரைபடத்தின் மேல் கையால் வரைந்து, கண்மாயின் பெயரும் பாசனப் பரப்பும் எழுதி, நீர்வளத் துறை உதவிச் செயற்பொறியாளருக்கும் வட்டாட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஊராட்சிக் கண்மாய் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஒரு பிரதி. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தையும், பொது நிலங்களை ஊருக்கே மீட்டுக்கொடுக்கச் சொன்ன 2011 ஜனவரி 28ஆம் தேதி உச்சநீதிமன்றத் தீர்ப்பையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

பாதைக்கும் இதே வேலைதான். நடுவில் அரை ஏக்கர் வைத்திருப்பவர் விற்க மறுத்தால், சுற்றிலும் வேலி போட்டு வழியை அடைப்பது பழைய தந்திரம். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, 20 ஆண்டுகள் தடையில்லாமல், உரிமையோடு நடந்த பாதைக்கு அனுபவ உரிமை உண்டு. வேறு வழியே இல்லாத நிலத்துக்கு, அது ஒரே உடைமையிலிருந்து பிரிந்ததாக இருந்தால், அவசியத்தால் வரும் உரிமையும் உண்டு. அடைத்த பிறகு வழக்குப் போட்டு மீட்க வருடக்கணக்காகும். அடைக்கும் முன்பே உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்பது எளிது.

தகவல் கேட்கும் மனு

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 6(1) பிரிவில் விண்ணப்பியுங்கள். மூன்று இடத்துக்குத் தனித்தனியாகப் போட வேண்டும்: வட்டாட்சியர் அலுவலகம், ஊராட்சி ஒன்றியம், மின்வாரியத்திலிருந்து 2024இல் பிரிந்த பசுமை எரிசக்திக் கழகம். ஒரே மனுவில் முப்பது கேள்வி வேண்டாம். "ஏன் அனுமதித்தீர்கள்?" என்று காரணம் கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள்:

- இந்தச் சர்வே எண்களுக்குக் கொடுத்த தடையின்மைச் சான்றுகள், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் அறிக்கைகள்
- நிலப் பயன்பாட்டை விவசாயத்திலிருந்து மாற்றக் கொடுத்த அனுமதி. நஞ்சை இருந்தால் ஆட்சியரின் முன் இசைவு
- ஊராட்சி கொடுத்த கட்டட வரைபட அனுமதியும் அதற்கான தீர்மானமும்
- மின்தொகுப்பு இணைப்பு அனுமதி, துணைமின் நிலையத்தின் பெயர், மின்பாதை வரைபடம்
- ஆழ்துளைக் கிணற்றுக்கு நீர்வளத் துறை கொடுத்த தடையின்மைச் சான்று, பிர்காவின் (வருவாய்க் குறுவட்டம்) நிலத்தடி நீர் வகைப்பாடு

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் தாமதமாகும். அதனால் முதல் மனுவிலேயே 2(ஒ) பிரிவைக் காட்டி, கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் அதுவே சீக்கிரம் கைகூடும். தேசிய மின்தொகுப்போடு இணையும் பெரிய திட்டம் என்றால் மத்திய மின்தொடரமைப்பு நிறுவனமான சி.டி.யு.ஐ.எல். இணையதளத்தில் இணைப்புக் கேட்ட நிறுவனங்களின் பட்டியல் இருக்கும், அங்கே மனுவே தேவையில்லை.

கிராம சபை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடும். கூட்டத்துக்கு முன்பே பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்; தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம். குறைவெண் வரம்பைத் தாண்டி ஆள் வர வேண்டும்: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300.

"சோலார் திட்டத்தை எதிர்க்கிறோம்" என்ற ஒற்றை வரித் தீர்மானத்துக்குக் கோப்பில் மதிப்புக் குறைவு. சர்வே எண், ஓடை, பாதை, வீடுகளின் தூரம், கேட்கும் நிபந்தனை எல்லாம் தீர்மானத்துக்குள் வர வேண்டும். பதிவேட்டில் எழுதிய வாசகத்தை அங்கேயே உரக்கப் படிக்கச் சொல்லி, அடியில் வெற்றிடம் விடாமல் கையெழுத்திட்டு, நகலுக்கு மனுக் கொடுத்துவிட்டுத்தான் கலைய வேண்டும். தனியார் பட்டா நிலத்து விற்பனையை இந்தத் தீர்மானம் ரத்து செய்யாது, யார் சொன்னாலும் நம்பாதீர்கள். புறம்போக்கு, ஊராட்சிச் சாலை, கட்டட அனுமதி ஆகியவற்றில் இது பலமான ஆவணம்.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது

பேனலிலிருந்து கதிர்வீச்சு வரும், புற்றுநோய் வரும், மழை நின்றுவிடும் என்பதையெல்லாம் மனுவில் எழுதாதீர்கள். அந்த ஒரு வரிக்காக மற்ற ஒன்பது நியாயமும் தூக்கிப்போடப்படும். வெப்பம் பற்றி எழுதுவதாக இருந்தால் நிதானமாக எழுதுங்கள். 2016இல் வெளியான அரிசோனா ஆய்வில் நிலையத்துக்குள் இரவு வெப்பம் 3 முதல் 4 டிகிரி கூடுதலாக இருந்தது. அது நிலையத்துக்குள் எடுத்த அளவு, ஊருக்குள் எடுத்தது இல்லை.

சத்தம் கணக்கில் நிற்கும் வாதம். குடியிருப்புப் பகுதிக்கு பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது 2000ஆம் ஆண்டு விதி. தூரம் இரட்டிக்கும்போது சத்தம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 80 டெசிபல் போடும் இன்வெர்ட்டர் 50 மீட்டரில் 46, 100 மீட்டரில் 40 ஆகும். நான்கு இன்வெர்ட்டர் ஒரே இடத்தில் இருந்தால் 6 கூடும். ஆகவே இன்வெர்ட்டரும் மின்மாற்றியும் கடைசி வீட்டிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று கேளுங்கள். பேனலை நகர்த்தச் சொல்வதை விட இவற்றை நகர்த்தச் சொல்வது கம்பெனிக்குச் செலவு குறைவு, ஊருக்குப் பலன் அதிகம். சாய்வு மாறாத பேனல் என்றால் கண்கூச்சம் காலையில் மேற்குப் பக்க வீடுகளுக்கும் மாலையில் கிழக்குப் பக்க வீடுகளுக்கும் வரும், அதுவும் மாடி வீட்டுக்குத்தான் அதிகம். அந்தப் பக்கம் மட்டும் மூன்று வரிசை மரம் கேட்டால் போதும், நாலு பக்கமும் கேட்டால் ஒரு பக்கமும் வைக்கமாட்டார்கள்.

தண்ணீரையும் எண்ணில் கேளுங்கள். 540 வாட் பேனல் என்றால் 100 மெகாவாட்டுக்குச் சுமார் 1,85,000 பேனல். ஒன்றுக்கு 2 லிட்டர், மாதம் இரண்டு கழுவல் என்றால் 7.4 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் 62 நடை. இது எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்று கேளுங்கள், அல்லது தண்ணீரில்லாமல் துடைக்கும் இயந்திரத்தை எழுத்தில் வாங்குங்கள். களைக்கொல்லி அடிக்கக்கூடாது என்பதையும் அதே தாளில் சேருங்கள். வேலிக்கு வெளியே மேயும் ஆடுகளின் பிரச்சினை அது.

மின்பாதை

நிலம் விற்காதவரின் நிலத்திலும் கம்பி போகும். 2006ஆம் ஆண்டின் உரிமதாரர் பணி விதிகளின்படி நில உரிமையாளரின் முன் சம்மதம் வேண்டும்; மறுத்தால் ஆட்சியரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். மின்சாரச் சட்டம் 164ஆம் பிரிவின் அதிகாரம் பெற்றிருந்தால் இந்தச் சம்மதம் இல்லாமலே கம்பி போடலாம், ஆகவே அந்த உத்தரவின் நகலை முதலில் கேளுங்கள். இழப்பீட்டுக்கு மத்திய மின் அமைச்சகத்தின் 2024 ஜூன் வழிகாட்டுதல் கோபுர அடிநிலத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதமும், கம்பிக்குக் கீழ்ப்பட்ட நிலத்துக்கு 30 சதவீதமும் சொல்கிறது. 33 கிலோவோல்ட் கம்பி கூரைக்கு மேல் 3.7 மீட்டர், சுவரிலிருந்து பக்கவாட்டில் 2 மீட்டர் விலகி இருக்க வேண்டும். குறைந்தால் மின்னூட்டும் முன்பே மின் ஆய்வுத் துறைக்கு அளந்த படத்தோடு எழுதுங்கள்.

நீதிமன்றம்

கம்பெனிகள் பெரும்பாலும் முதலில் ஊர்க்காரர்கள் மேல் தடையாணை கேட்டு முன்சீப் கோர்ட்டுக்குப் போகும், இல்லையென்றால் போலீஸ் பாதுகாப்புக் கேட்டு உயர்நீதிமன்றம் போகும். அதற்கு முன்பே கேவியட் (எங்களைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம் என்ற முன்மனு) போட்டுவிட்டால் உரிமையியல் வழக்கில் உங்களைக் கேட்காமல் உத்தரவு வாங்குவது கடினம். கேவியட் 90 நாள்தான் செல்லும், முடியும் முன் புதிதாகப் போட வேண்டும். நீர்நிலை பாதித்தால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதம் கெடு, தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். ஜே.சி.பி. முதலில் இறங்கிய நாளின் படத்தையும், அன்று கொடுத்த மனுவின் ஒப்புகையையும் பத்திரமாக வையுங்கள். கெடுவை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற தகராறில் அவைதான் கேட்கப்படும்.